ஹோம்லேண்டருக்கு ஏன் ஒரு நண்பன்கூட இல்லை?

‘தி பாய்ஸ்’ தொடரைப் பார்த்தவர்களிடம் ஒரு குழப்பம் தங்கிவிடுகிறது. விழப்போகும் விமானத்தைப் பயணிகளோடு அப்படியே விட்டுவிட்டுப் பறந்தவன், அதில் வரும் அதிமனிதர்களின் தலைவன் ஹோம்லேண்டர். பட்டப்பகலில், கூட்டத்துக்கு நடுவே, தன்னை எதிர்த்தவனைக் கண்ணிலிருந்து பாயும் ஒளியால் கொன்றவன். அப்படிப்பட்டவன் கண்ணாடி முன் நின்று தன் பிம்பத்தோடு பேசும்போது ‘ஐயோ பாவம்’ என்று ஏன் தோன்றுகிறது? தோன்றிய அடுத்த நொடியே ஏன் சிரிப்பு வருகிறது?

ரத்தமும் ஆபாசமும் நிறைந்த தொடர் என்று சிலர் முதல் அத்தியாயத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அது அவரவர் விருப்பம். முழுவதும் பார்த்தவர்களுக்கோ வேறொன்று உறுத்துகிறது. இத்தனை வல்லமை படைத்தவர்களில் ஒருவருக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை மாலை கூப்பிட்டுப் பேச ஓர் ஆள் இல்லை. ஏன் இல்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். முதல் நான்கு சீசன்களின் திருப்பங்கள் இந்தக் கட்டுரையில் வெளிப்படும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கதையின் களம்

கார்த் என்னிஸ் எழுத, டாரிக் ராபர்ட்சன் வரைய, 2006 முதல் 2012 வரை வெளிவந்த காமிக்ஸ்தான் மூலம். அதை எரிக் கிரிப்கி தொலைக்காட்சிக்கு மாற்றினார். 2019 ஜூலையில் அமேசான் பிரைமில் தொடங்கி, 2020, 2022, 2024 என அடுத்தடுத்த சீசன்கள் வந்தன.

இந்த உலகத்தில் அதிமனிதர்கள் பொதுவாகப் பிறப்பதில்லை. வாட் என்ற நிறுவனம் ‘காம்பவுண்ட் வி’ என்ற மருந்தைக் குழந்தைகளின் உடலில் ஏற்றி அவர்களை உருவாக்குகிறது. ‘தி செவன்’ என்ற ஏழு பேர் குழுவில் யார் இருக்க வேண்டும், யார் யாரோடு சிரித்தபடி படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை விளம்பரப் பிரிவு தீர்மானிக்கிறது. நட்பே அங்கே வேலை ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. எதிர்த் தரப்பில் பில்லி புட்சரும் அவனுடைய சிறு கும்பலும் இருக்கிறார்கள். அதிமனிதர்களை ஒழிப்பது அவர்கள் வேலை. தொடரின் பெயர் அவர்களைத்தான் குறிக்கிறது.

தனிமை என்று எதைச் சொல்கிறோம்?

விரும்பி ஏற்கும் தனிமைக்கு ஏகாந்தம் என்று பெயர் வைத்திருக்கிறோம். விரும்பாமல் வந்து மேலே உட்கார்ந்துகொள்வதையும் பேச்சில் தனிமை என்றே சொல்லிவிடுகிறோம். ஆய்வாளர்கள் இரண்டையும் பிரிக்கிறார்கள். பக்கத்தில் ஆள் இல்லாதது ஒரு நிலை. வேண்டிய உறவுக்கும் கிடைத்திருக்கும் உறவுக்கும் நடுவே உள்ள இடைவெளியை உணர்வது வேறு. அதைத் தனிமையுணர்வு எனலாம். சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-இல் இந்த உணர்வையும் இரண்டாகப் பிரித்தார். நெருக்கமான ஒருவர் இல்லாத ஏக்கம் ஒன்று. சேர்ந்திருக்க ஒரு கூட்டம் இல்லாத ஏக்கம் மற்றொன்று. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைத் தீர்க்க முடியாது என்பதுதான் அவர் சொன்னதில் முக்கியமானது.

திருவல்லிக்கேணியின் மேன்ஷன் அறை ஒன்றை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று புரியும். இரண்டு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறை. ஜன்னல் கம்பியில் காயும் துண்டு. காலையில் பொதுக் குளியலறை முன் பக்கெட்டோடு வரிசை. சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கும். அங்கே ஆள் இல்லாத நொடி கிடையாது. ஆனாலும் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரின் ஊர் எது என்று தெரியாமலே இரண்டு வருடம் கழித்தவர்கள் உண்டு. கூட்டம் இருக்கிறது, நெருக்கமான ஒருவர் இல்லை.

இது கற்பனைப் பாத்திரங்களுக்கு மட்டுமான நோயும் இல்லை. உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமையுணர்வு பாதிக்கிறது என்று 2025 ஜூனில் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட அறிக்கை கூறியது.

ஹோம்லேண்டருக்குக் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. அவனுடைய ஏக்கம் முதல் வகையைச் சேர்ந்தது. நான்கு சீசன்களாக அதைக் கூட்டத்தைக் கொண்டே தீர்க்கப் பார்க்கிறான்.

போர்வையும் பாலும்

ஹோம்லேண்டர் வளர்ந்தது ஆய்வுக்கூடத்தில். அமெரிக்கக் கிராமத்து வீடு, பேஸ்பால் மட்டை, அன்பான பெற்றோர் என்று விளம்பரங்கள் சொல்லும் பால்யம் முழுக்கப் பொய். முதல் சீசனில் அந்தப் பொய் வீட்டை அரங்கமாக அமைத்துப் படம்பிடிக்கிறார்கள். அங்கே வைத்திருக்கும் பொருள்களுக்கு நடுவே ஒரே ஒரு நிஜப் பொருள் அவன் கண்ணில் படுகிறது: ஆய்வுக்கூடத்தில் அவனுக்கென்று இருந்த போர்வை. அதைக் கண்டதும் அவன் முகம் மாறிவிடுகிறது. அதுவரை அசையாமல் இருந்த மனிதன், ஒரு துணித்துண்டு முன் நிலைகுலைகிறான்.

உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1950-களில் குரங்குக் குட்டிகளைக் கொண்டு செய்த சோதனை இங்கே நினைவுக்கு வரும். தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். கம்பியால் செய்த தாயிடம் பால் புட்டி. மென்துணி போர்த்திய தாயிடம் ஒன்றும் இல்லை. குட்டிகள் பசிக்கு மட்டும் கம்பித் தாயிடம் போய்வந்து, மற்ற நேரமெல்லாம் துணித் தாயைக் கட்டிக்கொண்டிருந்தன. பால் கொடுக்கும் இடமும் பாசம் கிடைக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று அந்தச் சோதனை காட்டியது. சோதனையின் கொடூரம் இன்றும் பேசப்படுகிறது.

ஹோம்லேண்டரின் மனதில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சு விழுந்து கிடக்கின்றன. அவனை நிர்வகித்த ஸ்டில்வெல் அவனுக்கு மேலதிகாரியாகவும் தாயாகவும் காதலியாகவும் இருந்தாள். அவள் தன்னிடம் பொய் சொன்னாள் என்று தெரிந்ததும் கொன்றுவிடுகிறான். இரண்டாம் சீசனில், அவள் தன் குழந்தைக்காக எடுத்துவைத்திருந்த தாய்ப்பால் புட்டி ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. கண்ணொளியால் அதை மெல்லச் சூடாக்கிக் குடிக்கிறான். ஆட்களைப் பொசுக்கும் அதே ஒளி இப்போது பாலைப் பதமாகக் காய்ச்சுகிறது. பார்ப்பவருக்குக் குமட்டுகிறது, சிரிப்பும் வருகிறது, அடியில் எங்கோ ஒரு பிடி வருத்தமும் இருக்கிறது. தொடரின் மொத்தச் சுவையும் அந்த ஒரு புட்டிக்குள் அடங்கிவிடும். நான்காம் சீசனில் ஃபயர்கிராக்கர் என்பவள் அவன் தயவைப் பெற மருந்து உட்கொண்டு தனக்குப் பால் சுரக்க வைக்கிறாள். பாசத்தை இப்படியும் அலுவலகப் பதவி உயர்வுக்கான வழியாக்க முடியும் என்பது வாட் நிறுவனத்தின் தனித்திறமை.

‘முடியாது’ என்று சொல்ல ஆளில்லை

இனி மையக் கேள்விக்கு வரலாம். நண்பர்களைத் தேடாமல் இருந்தவன் இல்லை ஹோம்லேண்டர். தேடுகிறான், கெஞ்சுகிறான், மிரட்டுகிறான். எதுவும் நிலைக்காததன் காரணத்தை ஒரு சங்கிலியாகப் பார்க்கலாம்.

1. நட்பு என்பது விலகிப்போகும் உரிமையோடு வருவது. நாளையிலிருந்து பேசமாட்டேன் என்று சொல்ல முடிகிறவர் இன்று பேசுவதால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

2. ஹோம்லேண்டரிடம் அப்படிச் சொன்னவர் உயிரோடு வெளியே போக முடியாது. ஆகவே அவனைச் சுற்றியிருப்பவர்களின் ‘ஆமாம்’ எல்லாம் செல்லாக்காசு. இது அவனுக்கும் தெரியும். எதிரே நிற்பவரின் இதயத் துடிப்பே கேட்கும் காது அவனுக்கு. வாய் புகழும்போது நெஞ்சு படபடப்பதை அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். சாதாரண அதிகாரிக்காவது முகத்துதியை நம்பும் சுகம் உண்டு, அவனுக்கு அதுவும் இல்லை.

3. நம்பிக்கை இல்லாததால் சோதித்துப் பார்க்கிறான். நான்காம் சீசனின் தொடக்கத்தில், தன் குழுவினர் இருவருக்கு அச்சில் ஏற்ற முடியாத அவமானமான ஒரு கட்டளை இடுகிறான். ஒருவன் மறுக்காமல் மண்டியிடத் தொடங்குகிறான். அந்தக் கணத்தில் ஹோம்லேண்டரின் முகத்தில் வெற்றி இல்லை, வெறுப்புதான் இருக்கிறது. சுற்றிலும் ஆமாம்சாமிகள்தான் என்பது உறுதியாகிவிட்டது.

4. ஒவ்வொரு சோதனையும் பயத்தைக் கூட்டுகிறது. கூடிய பயம் அடுத்த ‘ஆமாம்’ ஐ இன்னும் மலிவாக்குகிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கண்ணொளியெல்லாம் தேவையில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் ஏதாவதொரு அலுவலக உணவுக்கூடத்தில் மதிய வேளையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். எட்டுப் பேர் மேசை. மேலாளர் ஒரு நகைச்சுவை சொல்கிறார், போன மாதம் சொன்ன அதே நகைச்சுவை. சிரிப்பு சரியான நேரத்தில் எழுகிறது, சரியான நேரத்தில் அடங்குகிறது. வாயில் தயிர்சாதம் இருப்பவர்கூட தலையையாவது ஆட்டுகிறார். மேலாளர் எழுந்து கை கழுவப் போனதும் மேசையில் நிஜப் பேச்சு தொடங்குகிறது. கை கழுவும் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்து, தான் இல்லாதபோது மேசை எவ்வளவு கலகலப்பாக இருக்கிறது என்று கவனிக்கும் அந்த மனிதரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவருக்கு மட்டும் உயிர்பறிக்கும் வல்லமை இருந்தால் என்ன ஆகும் என்பதே இந்தத் தொடர்.

‘நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு’ என்கிறது குறள். சேர்ந்து சிரிப்பதற்காக அன்று, வரம்பு மீறும்போது முந்திச் சென்று கண்டிப்பதற்காகவே நட்பு என்பது பொருள். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக ஒப்பித்த வரிதான். ஆனால் ‘மேற்சென்று’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கேட்டால் சொல்வது போதாது. கேட்காமலே போய்ச் சொல்ல வேண்டும்.

ஹோம்லேண்டருக்கே இது ஒருகட்டத்தில் புரிகிறது. அதனால்தான் உலகிலேயே அறிவாளி எனப்படும் சிஸ்டர் சேஜைத் தேடிப்போகிறான். அவள் அவனிடம் முகத்துக்கு நேரே உண்மை பேசுகிறாள். கேட்க ஆசைப்பட்டு அழைத்துவந்தவன், கேட்கப் பொறுக்காமல் அவளைத் துரத்திவிடுகிறான். சேஜின் நிலைமை தனிக் கதை. எல்லோரும் அவளுக்கு மந்தமாகத் தெரிவதால் பேச்சுத்துணை கிடையாது. ஆகவே கண் வழியாகக் கருவியைச் செலுத்தித் தன் மூளையைத் தானே சிறிது நேரம் மழுங்கடித்துக்கொண்டு, வெங்காயப் பொரியல் தின்றபடி மட்டமான நிகழ்ச்சிகளை ரசிக்கிறாள். மற்றவர்களோடு சேர்ந்திருக்க அவள் கொடுக்கும் விலை அது.

ஆக்டோபஸைப் பார்த்து ஏன் சிரிக்கிறோம்?

தொடரின் இருண்ட நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு டீப் என்ற பாத்திரத்தைப் பார்த்தால் போதும். கடல்வாழ் உயிர்களோடு பேசக்கூடியவன். முதல் சீசனில், ‘தி செவன்’ குழுவில் புதிதாகச் சேர்ந்த ஸ்டார்லைட்டைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியவனும் அவனே. தொடர் அதை மறக்க விடுவதில்லை. அவன் ஒரு டால்பினைக் காப்பாற்ற வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறான். சட்டென்று பிரேக் போட, டால்பின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு சாலையில் விழுகிறது. பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறுகிறது.

மூன்றாம் சீசனில் விருந்து மேசை. ஹோம்லேண்டர் டீப்புக்கு விருந்து வைக்கிறான். தட்டில் உயிரோடு ஓர் ஆக்டோபஸ். அது டீப்பின் நண்பன் டிமதி. சாப்பிடு என்று கட்டளை. டிமதி கெஞ்சுவது டீப்புக்கு மட்டும் புரிகிறது, தனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அது சொல்வதை அவனே மொழிபெயர்த்தும் சொல்கிறான். பிறகு கண்ணீரோடு தின்கிறான்.

எழுத்தில் சொன்னால் இது கொடுமை. திரையில் வழுவழுப்பான கால்கள் வாயோரம் நெளிவதைப் பார்த்தால் சிரிப்பு பீறிடுகிறது. வடிவம் கேலிக்கூத்தாக இருப்பதால் மனம் தன் காவலைத் தளர்த்துகிறது, தளர்ந்த இடத்தில் உள்ளடக்கம் புகுந்துவிடுகிறது. மேலதிகாரியின் தயவுக்காக நண்பனைக் காட்டிக்கொடுத்த மனிதனை நேரடியாகக் காட்டியிருந்தால் ‘நான் அப்படியில்லை’ என்று நகர்ந்திருப்போம். ஆக்டோபஸ் என்றதும் நகராமல் உட்கார்ந்து பார்க்கிறோம். நான்காம் சீசனில் அலமாரிக்குள் தொட்டியில் அவன் ஒளித்து வைத்திருக்கும் ஆம்ப்ரோசியஸ் என்ற இன்னோர் ஆக்டோபஸுக்கு நேரும் கதியும் இதேதான். இம்முறை கட்டளையிட யாரும் இல்லை. தொட்டியை அவனே உடைக்கிறான், தரையில் அது மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

ரசிகர்கள் நண்பர்களா?

மூன்றாம் சீசனின் முடிவில் ஹோம்லேண்டர் ஒருவனைப் பொதுவெளியில் கொன்ற பிறகு ஒரு நொடி மௌனம். பிறகு கூட்டம் ஆரவாரிக்கிறது. அவனுடைய நெடுநாள் ஏக்கம் தீர்ந்துவிட்டதா?

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே இத்தகைய உறவை ஆராய்ந்தார்கள். வானொலி, தொலைக்காட்சியில் தோன்றுபவரைப் பார்வையாளர் தன் நண்பராக உணர்வதும், அந்தப் பக்கத்திலிருந்து இவரை யாரென்றே தெரியாததும் அவர்கள் கவனித்தவை. தமிழ் இலக்கணம் ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்று பெயர் வைத்திருக்கிறது. இது நட்பில் கைக்கிளை. முதல்நாள் முதல்காட்சிக்கு விடியுமுன் திரையரங்க வாசலில் நின்று, கட்-அவுட்டின் தலையில் பால் ஊற்றும் சென்னை ரசிகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (பாலைப் பொறுத்தவரை ஹோம்லேண்டர் நம் ஊரில் பிறந்திருக்கலாம்.) ரசிகருக்காவது மன்றம் இருக்கிறது. பக்கத்தில் தோரணம் கட்டுபவரோடு டீ குடிக்கலாம், இரத்ததான முகாம் நடத்தலாம், அதில் நிஜ நட்புகள் பிறக்கின்றன. உயரத்தில் நிற்கும் கட்-அவுட்டுக்குத்தான் துணை இல்லை.

தன்னோடு தானே பேசுகிறவர்கள்

தொடரில் தனிமையின் கடைசிக் கட்டம் எப்போதும் ஒன்றுபோலவே வருகிறது: வெளியே ஆள் கிடைக்காதபோது உள்ளிருந்தே ஆள் முளைக்கிறது.

ஹோம்லேண்டருக்குக் கண்ணாடிப் பிம்பம். இரண்டாம் சீசனில், உருமாறும் ஆற்றல் கொண்ட ஒருவன் ஸ்டில்வெல்லாக நடித்து அவனுக்கு ஆறுதல் தருகிறான். பிறகு ஹோம்லேண்டராகவே உருமாறி எதிரே நிற்கிறான். தன்னைத் தானே நேசிக்கும் வாய்ப்பு வந்ததும் ஹோம்லேண்டர் அந்தக் கழுத்தை முறித்துவிடுகிறான். ‘தி செவன்’ குழுவின் பிளாக் நுவாருக்குக் கார்ட்டூன் விலங்குகள். முகமூடி கழற்றாத, பேசாத அவனுக்குப் பாழடைந்த ஒரு பீட்சா கடையின் பொம்மைகள்தான் பழைய காயத்தை நினைவூட்டித் தைரியம் சொல்கின்றன. ஹோம்லேண்டர் கொஞ்சமாவது நம்பியது அவனைத்தான். பழைய தலைமுறை அதிமனிதனான சோல்ஜர் பாய்தான் ஹோம்லேண்டரின் தந்தை என்று அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது, சொல்லவில்லை. தெரியுமா என்று கேட்டபோது பொய் சொல்லாமல் தலையசைத்தான். அந்த நேர்மைக்குக் கிடைத்த பரிசு மரணம். கொன்றவன் அழுகிறான். சாகிறவனைச் சுற்றிக் கார்ட்டூன்கள் வந்து அமர்கின்றன.

புட்சருக்கு கெஸ்லர். நான்காம் சீசனில் பழைய சகாவாக வந்து யோசனை சொல்லும் கெஸ்லர், மூளைக்கட்டி உண்டாக்கிய மாயத்தோற்றம் என்று ஆறாவது அத்தியாயத்தில் தெரிகிறது. அந்தக் குரல் புட்சரின் மோசமான எண்ணங்களுக்கெல்லாம் ‘ஆமாம்’ போடுகிறது. ஆக, வல்லமையில் எதிரெதிர்த் துருவங்களான இருவருக்கும் கடைசியில் வாய்த்தது தலையாட்டும் துணைதான். ஒரு வேறுபாடு உண்டு. புட்சருக்கு ஹியூயி இருக்கிறான். கொலைத்திட்டம் எதுவானாலும் குறுக்கே நின்று கூடாது என்று சொல்லும், பலமில்லாத ஓர் இளைஞன். மூன்றாம் சீசனில் தற்காலிக வல்லமை தரும் மருந்து உயிரைக் குடிக்கும் என்று தெரிந்தபின், ஹியூயி அதை மறுபடி போட்டுக்கொள்ளாதபடி புட்சர் அவனைக் கழிவறையில் அடித்து மயக்கமாக்கிவிட்டுப் போகிறான். இதை நட்பு என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ‘மேற்சென்று இடித்தல்’ என்பதை இவ்வளவு சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்ட வேறு காட்சி இந்தத் தொடரில் இல்லை.

ஒரு மொழியைக் கற்றுக்கொண்டவன்

தொடரில் தேறிய நட்பு ஒன்று உண்டென்றால் அது புட்சரின் கும்பலில் உள்ள பிரெஞ்சிக்கும் கிமிக்கோவுக்கும் நடுவே இருப்பது. கிமிக்கோ பேசுவதில்லை. அவளும் அவள் தம்பியும் தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட சைகை மொழி அவளுக்கு இருக்கிறது. தம்பி இறந்தபின் உலகத்தில் அந்த மொழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பிரெஞ்சி அதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறான். உடனே நடக்கவில்லை, அவன் எல்லை மீறித் தொல்லை செய்யும்போது அவள் ஒதுக்குகிறாள், அவன் ஒதுங்குகிறான். பிறகு அவளே கற்றுக்கொடுக்கிறாள். டீப்புக்கு ஆக்டோபஸின் மொழி கற்காமலே தெரியும், ஆனாலும் தின்றான். பிரெஞ்சி தப்புத்தப்பாகக் கைவிரல்களை மடக்கி மடக்கிக் கற்றான்.

நான்காம் சீசனின் கடைசியில் இருவரையும் பிடித்துவிடுகிறார்கள். பிரெஞ்சியை அவளிடமிருந்து பிரித்துக்கொண்டு போகிறார்கள். நான்கு சீசன்களாக ஒரு சொல்லும் பேசாத கிமிக்கோவின் வாயிலிருந்து முதன்முதலாக ஒரு சொல் வெளியே வருகிறது. அந்தச் சொல் ‘வேண்டாம்’.